அலை ஒன்று, உரையாடல் பல

ஓடும் மோட்டார் வண்டியிலிருந்து தொலைபேசியிற் பேசும் வசதி அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் 1946ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. ஆயினும் அது ஒரு சிலருக்கே கிட்டிற்று. காரணம் யாது? நகர் முழுமைக்கும் உயர்ந்த கோபுரம் ஒன்று. அதிலிருந்து வலிமைமிக்க அலை. ஒருவர் பேசும் அலைவரிசையில் அந்நகரில் வேறெவரும் பேசுதல் இயலாது. பேசின் இரண்டும் குழம்பும். 1976இற்கூட, நியூயோர்க் பெருநகரில் பெல் சேவைக்கு இருந்தவை 12 அலைவரிசைகளே. இணைப்புப் பெற்றோர் 543 பேரே.

இத்தடையை நீக்கும் வழியை, பெல் ஆய்வுகூடத்து டக்ளஸ் றிங் என்பார் 1947ஆம் ஆண்டிலேயே ஒரு குறிப்பில் எழுதிவைத்தார். நிலப்பரப்பைத் தேனடைபோற் சிறு அறுகோண அறைகளாகப் பிரித்து, அறைதோறும் ஒரு நிலையம் அமைத்தல் வேண்டும். அயல் அறைகளுக்கு வெவ்வேறு அலைவரிசைகள். எட்டவுள்ள அறைக்கோ மீண்டும் முன்னைய அலைவரிசையே! ஏழறைத் தொகுதியாயின், ஒரே அலைவரிசையுடைய நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரம் அறையின் ஆரையைப்போல் ஏறக்குறைய 4.6 மடங்காகும். அத்தூரத்தை அடையுமுன் அலை மெலிந்துவிடுவதால் குழப்பம் பெரிதுங் குறைகின்றது.

வண்டி அறைவிட்டு அறை புகும்போது பேச்சு அறாது கைமாற்றும் பொறிகளும் பின்னர் அமைந்தன. 1979இல் டோக்கியோவிலும் 1983இல் சிக்காகோவிலும் பொதுமக்களுக்கான சேவை தொடங்கிற்று. அலை அடங்கி ஒலித்தமையாலன்றோ இன்று கோடிக்கணக்கானோர் பேசுகின்றனர்!