ஊருக்குப் புறப்படும் முன்

தீபாவளி நெருங்கிவிட்டால் ஜொகூர் பாருவில் வசிக்கும் பல குடும்பங்கள் வடக்கே உள்ள சொந்த ஊருக்குப் புறப்படத் தொடங்குகின்றன. அவர்களில் பலரிடம் ஒரு வழக்கம் உண்டு. அப்பா மாலையில் வேலை முடிந்து வருவார், குளித்துச் சாப்பிடுவார், பைகளை மகிழுந்தில் ஏற்றுவார், இரவு 11 மணிக்குப் புறப்படுவார். "இரவில் சாலை காலியாக இருக்கும். பிள்ளைகளும் தூங்கிவிடுவார்கள். விடியும்போது பாட்டி வீட்டில் இருக்கலாம்" என்பது அவர் சொல்லும் காரணம். எங்கள் வீட்டிலும் பல ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தத் திட்டத்தில் ஒருவரை மட்டும் நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்தான் வாகனமோட்டி.

காலை 6 மணிக்கு எழுந்த ஒருவர் இரவு 11 மணிக்கு வாகனத்தில் அமரும்போது, அவர் விழித்தெழுந்து 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. அவ்வளவு நேரம் விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் கவனத்தைப் போல் குறைந்துவிடுகிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன. அதன் பிறகுதான் அவர் பயணத்தையே தொடங்குகிறார். மேலும், பின்னிரவு 2 மணி முதல் விடியற்காலை வரை மனித உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடும் நேரம். அப்போது மூளை சில நொடிகள் தானாகவே உறங்கிவிடக்கூடும். கண்கள் திறந்திருந்தாலும் எதிரில் உள்ளவை மனத்தில் பதியா. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மகிழுந்து ஒரு நொடியில் ஏறத்தாழ 30 மீட்டரைக் கடக்கிறது. நான்கு நொடி கண்ணயர்ந்தால் 120 மீட்டர்! ஒரு காற்பந்துத் திடலின் நீளத்தைவிட அதிகமான தூரத்துக்கு அந்த வாகனத்தை எவரும் ஓட்டவில்லை என்றே பொருள்.

சன்னலைத் திறப்பது, வானொலியைச் சத்தமாக வைப்பது, புளிப்பு மிட்டாய் மெல்லுவது எல்லாம் சில நிமிடங்களுக்கே உதவும். குடித்த காப்பி வேலை செய்யவும் ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகலாம். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டுமே. ஆகவே, நெடும்பயணத் திட்டத்தில் முதலில் எழுத வேண்டியது புறப்படும் நேரமன்று. வாகனமோட்டி முந்திய இரவு எத்தனை மணிக்குப் படுக்கப் போகிறார் என்பதே.

ஜொகூர் பாருவிலிருந்து கெடாவில் உள்ள சுங்கை பட்டாணிக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். 1994ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் இது ஏறக்குறைய 700 கிலோமீட்டர். முந்திய நாள் இரவு 9 மணிக்கு உறங்கி, விடியற்காலை 5 மணிக்குப் புறப்படலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிற்க வேண்டும் என்று முடிவு செய்தால், நிற்கும் இடங்களை வரைபடமே காட்டிவிடும். பாகோவில் காலை உணவு. சிரம்பானில் ஒரு சிறிய நிறுத்தம். கோலாலம்பூரைக் கடந்து உலு பெர்னாமில் மதிய உணவு. அடுத்து சுங்கை பேராக் ஓய்விடம். ஒவ்வோர் இடத்துக்கும் நடுவே அதிகம் போனால் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரமே இருக்கும். இவற்றுள் கடைசி நிறுத்தம் மிகவும் முக்கியமானது. வீடு நெருங்கிவிட்டது என்ற எண்ணத்தில் அதைத் தவிர்க்கவே மனம் விரும்பும். ஆனால், பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரையிலும் உடல் சற்றுச் சோர்வடையும். வயிறு நிறைய உண்டவருக்குச் சொல்லவே வேண்டியதில்லை. அங்கு 20 நிமிடம் கண்மூடி எழுவதோ, அம்மாவும் உரிமம் வைத்திருந்தால் அவரிடம் வாகனத்தை ஒப்படைப்பதோ நல்லது.

பெருநாள் காலத்தில் ஓய்விடங்களில் நிறுத்த இடம் கிடைக்காமல் போகலாம். அதற்காக அவசரத் தடத்தில் நிறுத்தி உறங்கக் கூடாது. அடுத்த ஓய்விடம் எது, எத்தனை கிலோமீட்டரில் உள்ளது என்பதை முன்கூட்டியே குறித்து வைத்திருப்பது இதற்காகத்தான்.

வாகனத்தைப் பொறுத்தவரை, எஞ்சின் எண்ணெய், குளிரூட்டும் நீர், மின்கலம், நிறுத்து விளக்குகள் ஆகியவற்றை ஒரு வாரத்துக்கு முன்பே பட்டறையில் காட்டிவிடலாம். பழுது தெரிந்தால் சரிசெய்ய அவகாசம் இருக்கும். டயர்களை மட்டும் நாமே பார்க்கக் கற்றுக்கொள்வது நல்லது. சாலையைத் தொடும் பாகங்கள் அவை மட்டும்தானே!

காற்று குறைந்த டயரின் பக்கவாட்டுப் பகுதி, ஒவ்வொரு சுழற்சியிலும் நசுங்கி நிமிர்கிறது. இப்படி இடைவிடாமல் மடங்குவதால் வெப்பம் உண்டாகிறது. ஊருக்குள் பத்து நிமிடம் ஓடும்போது இது தெரியாது. நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் வேகமாக ஓடும்போது, அந்த வெப்பம் ஏறிக்கொண்டே போய் டயர் வெடித்துவிடலாம். எவ்வளவு காற்று நிரப்ப வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். பல மகிழுந்துகளில் அங்கே இரண்டு அளவுகள் இருக்கும். ஒன்று, ஓரிருவர் மட்டும் செல்லும்போது; மற்றொன்று, ஐந்து பேரும் பெட்டிகளும் நிறைந்திருக்கும்போது. ஊருக்குச் செல்லும்போது இரண்டாவது அளவே பொருந்தும். வாகனம் ஓடிச் சூடாவதற்கு முன் அளந்தால்தான் சரியான அளவு தெரியும்.

டயருக்கு வயதும் உண்டு. அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2321 என்று இருந்தால், அது 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது எனப் பொருள். அதிகம் ஓடாத டயர்கூடக் காலப்போக்கில் இறுகி வெடிப்பு விடும். அடுத்து, டயரின் வரிப்பள்ளங்கள். இவைதாம் மழைநீரை வெளியே தள்ளி, டயர் சாலையைப் பற்றிக்கொள்ள உதவுகின்றன. இவற்றின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்குக் கரையில் பிற்பகலில் இடியுடன் மழை கொட்டுவது வழக்கம். தீபாவளியும் அந்த மாதங்களில்தான் வருகிறது. தேய்ந்த டயர் அப்போது நீரின் மேல் வழுக்கிச் செல்லும். திசைமாற்றியைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

சுமையை ஏற்றுவதிலும் கவனம் தேவை. கனமான பெட்டிகள் கீழே, பின்னிருக்கையை ஒட்டி இருக்க வேண்டும். முறுக்கு டின்களைப் பின்கண்ணாடி மறையும்வரை அடுக்கினால், பின்னால் வரும் லோரி கண்ணுக்குத் தெரியாது. திடீரென நிறுத்தும்போது அந்த டின்களே முன்னால் பறந்து வரும். பின்னிருக்கையில் உள்ளவர்களும் இருக்கை வார் அணிய வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டு முதல் சட்டமாக உள்ளது. குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை 2020இல் கட்டாயமாக்கப்பட்டது. "கொஞ்ச நேரம் மடியில் இருக்கட்டுமே" என்று பாட்டிமார் கேட்பார்கள். மோதலின்போது குழந்தையை எவருடைய கைகளாலும் பிடித்து வைத்திருக்க முடியாது என்பதை அவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

வழியையும் ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்க்கலாம். ஈப்போவைத் தாண்டியதும், மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய மலைப்பகுதியில் சாலை ஏறி இறங்கும், வளைவுகளும் உண்டு. வேகவரம்பும் அங்கே குறைக்கப்பட்டிருக்கிறது. நிறைந்த சுமையுடன் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால், அது சூடாகிப் பிடிப்பை இழக்கும். குறைந்த கியருக்கு மாற்றினால் எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். கிழக்குக் கரைக்குச் செல்வோருக்குத் தேவைப்படும் முன்யோசனை வேறு. கிரிக்கிலிருந்து ஜெலிக்குச் செல்லும் சாலை 100 கிலோமீட்டருக்கு மேல் காட்டினூடே போகிறது. மூடுபனியும் யானைகளும் எதிர்ப்படும் அந்தச் சாலையில் நுழையும் முன்பே எரிபொருளை நிரப்பிக்கொள்வது நல்லது.

உரிமம் பெறும் வயதை எட்டாதவருக்கும் இப்பயணத்தில் பொறுப்பு உண்டு. முன்னிருக்கையில் அமர்பவர் தூங்கக் கூடாது. வழிகாட்டும் செயலியைப் பார்ப்பது, வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்வது, டச் அண்ட் கோ அட்டையில் போதிய பணம் உள்ளதா என முதல் நாளே பார்த்து வைப்பது எல்லாம் அவருடைய வேலை. வாகனமோட்டி அடிக்கடி கொட்டாவி விடுகிறாரா, தடம் விலகுகிறாரா, கேட்ட கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொல்கிறாரா என்பதையும் அவரே முதலில் கவனிக்க முடியும். "அப்பா, அடுத்த இடத்தில் நிற்கலாம்" என்று சொல்லத் தயங்கக் கூடாது. ஒருமுறை நான் அப்படிச் சொன்னபோது, "எனக்குக் கழிவறைக்குப் போக வேண்டும்" என்று பொய்தான் சொன்னேன். வண்டி நின்ற இரண்டு நிமிடத்தில் அப்பா உறங்கிவிட்டார்.

வண்டி வழியில் பழுதாகிவிட்டால், இடது அவசரத் தடத்தில் இயன்றவரை ஓரமாக நிறுத்தி, அபாய விளக்குகளைப் போட வேண்டும். உள்ளே அமர்ந்திருப்பதைவிட, இடது பக்கமாக இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்பதே பாதுகாப்பானது. உதவிக்கு அழைக்கும்போது, சாலையோரப் பலகையில் உள்ள கிலோமீட்டர் எண்ணையும் எத்திசையில் செல்கிறோம் என்பதையும் சொன்னால் மீட்புப் பணியாளர்கள் விரைவில் வந்துசேர்வார்கள்.

திரும்பி வரும் பயணத்துக்குப் பலர் திட்டமே போடுவதில்லை. மூன்று நாள் உறவினர்களோடு பேசி, நள்ளிரவு வரை விழித்திருந்து, பாட்டி கொடுத்த தேங்காய்களையும் பலகாரங்களையும் ஏற்றி, மறுநாள் பள்ளியும் வேலையும் இருக்கிறதே என்று ஞாயிறு இரவு புறப்படுகிறார்கள். வரும்போது இருந்ததைவிட வண்டியில் சுமை கூடுதல். வாகனமோட்டிக்குத் தூக்கமோ குறைவு. எங்கள் வீட்டில் இப்போது சனிக்கிழமை இரவு 9 மணிக்கே பாட்டி விளக்கை அணைத்துவிடுகிறார். மறுநாள் காலையில், நாங்கள் புறப்படும் முன் டயரில் காற்றைச் சரிபார்த்தோமா என்று கேட்பவரும் அவர்தான்.