வரி கேட்ட வணிகர்கள்: கலிபோர்னியாவின் சாலை நிதியும் அதன் பூட்டும்

முன்னுரை

வரியைக் குறைக்குமாறு வணிகர் அமைப்புகள் அரசிடம் கோருவது எந்நாட்டிலும் காணப்படும் வழக்கமாகும். தம்மீது விழும் வரியை உயர்த்துமாறு அவையே குரல் கொடுப்பது அரிது. அத்தகைய அரிய நிகழ்வொன்று 2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்தது. பெட்ரோலுக்குக் கேலனுக்கு 12 சென்ட்டும் டீசலுக்கு 20 சென்ட்டும் தீர்வையை உயர்த்தி, வாகனங்களின் மதிப்பிற்கேற்ப ஆண்டுக்கு 25 முதல் 175 டாலர் வரை புதிய கட்டணமும் விதித்த ‘மேலவைச் சட்டமுன்வடிவு 1’ என்னும் சட்டத்தை மாநில வர்த்தக சபையும் சிலிக்கான் பள்ளத்தாக்கு நிறுவனங்களின் கூட்டமைப்பும் ஆதரித்தன. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 52 பில்லியன் டாலர் திரட்டுவது இச்சட்டத்தின் இலக்காகும்.

சாலைகள் பழுதடைந்திருந்தன; ஆகவே வணிகர்கள் வரிக்கு இசைந்தனர் என்று இதற்கு எளிதில் விடை கூறிவிடலாம். அவ்விடை போதுமானதன்று. அம்மாநிலச் சாலைகள் அதற்கு முன்பும் நெடுங்காலம் பழுதடைந்தே கிடந்தன. சாலை வேண்டும் என்பதில் எவருக்கும் மாறுபாடில்லை. தரும் பணம் சாலைக்கே சென்று சேரும் என்ற நம்பிக்கைதான் இல்லாதிருந்தது. எனவே வணிகர்கள் அரசோடு நடத்திய பேரம், வரியின் அளவைக் காட்டிலும் வரிப்பணத்திற்கு இடப்படும் பூட்டைப் பற்றியதாகவே அமைந்தது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

தேய்ந்துபோன தீர்வை

சாலையைப் பயன்படுத்துவோரிடமே சாலைக்கான பணத்தைப் பெறுவதற்கு எரிபொருள் தீர்வை எளிய வழியாகும். அமெரிக்க மாநிலங்களுள் ஓரிகன் 1919இல் கேலனுக்கு ஒரு சென்ட் விதித்து இம்முறையைத் தொடங்கிவைத்தது. பத்தாண்டுகளுக்குள் எல்லா மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. கலிபோர்னியா 1923இல் இரண்டு சென்ட்டில் தொடங்கிற்று. 1938இல் இத்தீர்வையைச் சாலைப் பணிகளுக்கே செலவிட வேண்டுமென அம்மாநில அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டது.

இத்தீர்வை விலையின் விழுக்காடாக அன்றி, அளவின்மீது நிலைத்த தொகையாக விதிக்கப்படுவதாகும். பெட்ரோல் விலை இருமடங்கானாலும் தீர்வை உயராது. ஒரு கேலனில் 20 மைல் ஓடிய வாகனத்திற்குப் பதிலாக 40 மைல் ஓடும் வாகனம் வந்தால், அதே சாலையில் அதே தொலைவு ஓடுவதற்கு அரசுக்குக் கிடைப்பது பாதியாகிவிடும். தாரின் விலையும் கூலியும் உயர்ந்துகொண்டே செல்லும். 1990இல் மக்கள் வாக்கெடுப்பின் வழி ஒன்பது சென்ட்டாக இருந்த தீர்வை படிப்படியாக உயர்த்தப்பட்டு 1994இல் 18 சென்ட்டை எட்டியது. அதன்பின் 2017 வரை, அதாவது 23 ஆண்டுகள், அந்த அடிப்படைத் தீர்வை ஒரு சென்ட்டும் உயரவில்லை. நடுவண் அரசின் பெட்ரோல் தீர்வையும் 1993 முதல் 18.4 சென்ட்டிலேயே நிற்கிறது.

இதன் விளைவை முதலில் உணர்பவர் சரக்கு அனுப்புவோர் ஆவர். லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் இறங்கும் பெட்டகங்களும், நடுப்பள்ளத்தாக்கின் வயல்களிலிருந்து ஆலைகளுக்குச் செல்லும் தக்காளியும் லாரிகளையே பெரிதும் நம்பியுள்ளன. குண்டும் குழியுமான சாலையில் தேயும் டயரும், நெரிசலில் நிற்கும் நேரமும் வணிகரின் கணக்கேட்டில் செலவாகவே பதிவாகின்றன. அச்செலவும் ஒருவகை வரிதான். பெறுபவர் எவருமில்லாத வரி.

மீறப்பட்ட வாக்குறுதிகள்

நோக்கம் குறித்துப் பணம் கொடுப்பது தமிழக வரலாற்றை அறிந்தோர்க்குப் புதிதன்று. நந்தா விளக்கு எரிக்க ஆடுகளைக் கொடையளித்தவர்கள், அக்கொடை வேறெதற்கும் திருப்பப்படாதிருக்கக் கல்லில் பொறித்து, அதன் காப்பைப் பன்மாகேசுவரரிடம் ஒப்படைத்தனர். கொடுப்பவர் ஐயுறுவது இயல்பு என்பதைச் சோழர்காலக் கல்வெட்டு எழுதியவர்கள் நன்கறிந்திருந்தனர். கலிபோர்னியாவில் கல்லின் இடத்தை அரசமைப்புச் சட்டம் பெறுகிறது. ஆயினும் அக்கல்லிலும் கீறல்கள் விழுந்தன.

2002ஆம் ஆண்டு மார்ச்சில் முன்மொழிவு 42ஐ ஏற்றதன் வழி, பெட்ரோல்மீதான விற்பனை வரியைப் போக்குவரத்துக்கே ஒதுக்குமாறு வாக்காளர்கள் பணித்தனர். ஆனால் நிதி நெருக்கடியில் அவ்வொதுக்கீட்டை நிறுத்திவைக்கலாம் என்ற வழியும் அதிலேயே இருந்தது. 2003–04இல் அப்பணத்தின் ஒரு பகுதியும் 2004–05இல் முழுவதும் பொது நிதிக்குச் சென்றன. 2006இல் முன்மொழிவு 1ஏ அவ்வழியைக் குறுக்கியது. 2010இல் பெட்ரோல்மீதான மாநில விற்பனை வரி நீக்கப்பட்டு, அதற்கு ஈடாக ஆயத்தீர்வை விதிக்கப்பட்டது. தொடர்ந்து, லாரிகளிடம் பெறப்படும் எடைக்கட்டணம் போக்குவரத்துக் கடன்பத்திரங்களின் தவணையைச் செலுத்தத் திருப்பப்பட்டது. கடன் சாலைக்காக வாங்கப்பட்டதே. எனவே சட்டப்படி குற்றமில்லை. எனினும் பொது நிதி ஏற்கவேண்டிய சுமையை லாரி உரிமையாளரின் கட்டணம் ஏற்றது என்பதே நடைமுறை உண்மை.

பூட்டுக்கும் ஒரு விலையுண்டு. அதனைச் சான் ஹோசே நகரை உள்ளடக்கிய சாந்தா கிளாரா மாவட்டத்தின் பட்டறிவு தெளிவாகக் காட்டுகிறது. டேவிட் பேக்கர்டின் முயற்சியால் உருவான உற்பத்தியாளர் குழுவின் ஆதரவோடு, மூன்று நெடுஞ்சாலைகளுக்காகப் பத்தாண்டுகளுக்கு அரை சென்ட் விற்பனை வரி விதிக்க அம்மாவட்ட மக்கள் 1984இல் இசைந்தனர். 1992இல் மீண்டும் அத்தகைய வரிக்குப் பெரும்பான்மையோர் வாக்களித்தனர். ஆனால் குறிப்பிட்ட நோக்கத்திற்கான வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டுமெனக் கூறி, மாநில உச்ச நீதிமன்றம் 1995இல் அதனைச் செல்லாததாக்கியது. பொது வரிக்கோ எளிய பெரும்பான்மை போதும். நோக்கத்தைக் கூறினால் தேவைப்படும் வாக்கு மிகுதி. கூறாவிட்டால் குறைவு என்பது விந்தையான நிலை. 1996இல் வரியின் ஆதரவாளர்கள் ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு வினாக்களை வைத்தனர். எந்தெந்தப் பணிகள் வேண்டும் என்பது முதல் வினா. அது அறிவுரை மட்டுமே. நோக்கம் குறிப்பிடாத அரை சென்ட் வரி வேண்டுமா என்பது இரண்டாவது. இரண்டும் வென்றன. வரியையும் வாக்குறுதியையும் பிரித்து, இரண்டையும் இணைக்கும் கயிறாக நம்பிக்கையை மட்டும் வைத்த இவ்வேற்பாடு, பூட்டில்லாமலும் பணம் பெறலாம் என்பதற்குச் சான்றாகும். ஆனால் அது ஒரே மாவட்டத்துக்குள், ஒருவரையொருவர் அறிந்த நிறுவனங்களுக்கிடையே நடந்தது என்பதை மறத்தல் கூடாது.

2017: எண்ணி எடுத்த வாக்குகள்

மாநில அளவில் வரியை உயர்த்தச் சட்டமன்றத்தின் ஈரவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 2017 ஏப்ரல் 6 அன்று 40 பேர் கொண்ட மேலவையில் 27 பேரும், 80 பேர் கொண்ட கீழவையில் 54 பேரும் ஆதரித்தனர். தேவைக்கு மேல் ஒரு வாக்கும் இல்லை. ஆளுங்கட்சியான மக்களாட்சிக் கட்சியிலிருந்து அவைக்கு ஒருவர் எதிர்த்து வாக்களித்த நிலையில், மேலவையில் குடியரசுக் கட்சியின் ஆன்டனி கனெல்லா ஆதரித்தார். அவர் தொகுதிப் பகுதிக்கு ரயில் பாதையை நீட்டிக்கவும் சாலை அமைக்கவும் பெருந்தொகை ஒதுக்கப்பட்டது. ஏப்ரல் 28 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையொப்பமிட்டார். (அமெரிக்க மாநில ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், நம் முதலமைச்சரை ஒத்த அதிகாரம் உடையவர்.)

‘வணிகர்’ என்ற ஒற்றைச் சொல் இவ்விடத்தில் நம்மைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லக்கூடும். சாலை அமைக்கும் நிறுவனத்திற்கு இவ்வரி வருவாய். ஊழியர் நேரத்திற்கு வந்துசேர வேண்டுமென விரும்பும் மென்பொருள் நிறுவனத்திற்குச் சிறு செலவு. லாரி உரிமையாளருக்கோ அன்றாடம் கைப்பணத்திலிருந்து கழியும் தொகை. எனவே கேட்ட ஈடும் வேறுபட்டது. டீசல் தீர்வை உயர்வில் பாதி, அதாவது கேலனுக்குப் பத்து சென்ட், சரக்குப் போக்குவரத்துத் தடங்களின் மேம்பாட்டிற்கென ஒதுக்கப்பட்டது. செலுத்துபவருக்கே திரும்பச் சேரும் இவ்வொதுக்கீடு நியாயமானதே.

லாரித் தொழிலுக்குக் கிடைத்த மற்றொரு சலுகையை அவ்வாறு கூறிவிட இயலாது. எஞ்சினுக்கு 13 ஆண்டு ஆகும்வரை, அல்லது அதற்குப் பின்னும் 18 ஆண்டு வரம்பிற்குட்பட்டு 8 லட்சம் மைல் ஓடும்வரை, புதிய மாசு விதிகளைக் காட்டி லாரியை மாற்றுமாறு அரசு கட்டாயப்படுத்தக்கூடாது என்னும் பிரிவு சட்டத்தில் சேர்க்கப்பட்டது. முதலீடு திரும்பக் கிடைக்கக் காலம் வேண்டும் என்பது லாரித் தொழிலின் வாதம். துறைமுகங்களை அடுத்து வாழ்வோரின் மூச்சுக்காற்றை விலையாகக் கொடுத்துச் சாலை வாங்குவதா என்பது சூழலியல் அமைப்புகளின் எதிர்வாதம். ஏற்கெனவே நடைமுறையிலுள்ள மாசு விதிகளை நிறைவேற்றாத லாரிகளுக்கு 2020 முதல் பதிவு மறுக்கப்படும் என்னும் பிரிவும் அதே சட்டத்தில் இருந்ததால், விதியை மதித்துப் புதிய லாரி வாங்கியவர் ஓரளவு பயன்பெற்றார் என்பதும் உண்மை. எனினும் சாலை நிதி பற்றிய சட்டத்தில் காற்றைப் பற்றிய முடிவொன்று பேரப்பொருளானது ஏற்கத்தக்கதன்று என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. அம்முடிவைச் சுமக்கப்போகும் துறைமுகப் பகுதி மக்கள் அப்பேரத்தில் ஒரு தரப்பாக இல்லை.

2018: ஒரே நாளில் இரு தீர்ப்புகள்

புதிய வருவாயுள் வாகனக் கட்டணமும் டீசல் விற்பனை வரி உயர்வும் பழைய அரசமைப்புக் காப்பிற்குள் முழுமையாக அடங்கவில்லை. அவற்றையும் போக்குவரத்துக்கே உரியனவாகப் பூட்டும் முன்மொழிவு 69, 2018 ஜூன் 5 அன்று வாக்கெடுப்பிற்கு வந்தது. ஏறத்தாழ 81 விழுக்காட்டினர் ஆதரித்தனர். அதே நாளில், புல்லர்டன் நகரை உள்ளடக்கிய தொகுதியின் மேலவை உறுப்பினர் ஜோஷ் நியூமன், இவ்வரிக்கு ஆதரவாக வாக்களித்ததை முன்வைத்து நடந்த இயக்கத்தால் மக்களால் திரும்பப் பெறப்பட்டுப் பதவியிழந்தார். பூட்டை விரும்பிய மாநிலத்தில், வரிக்குக் கையுயர்த்தியவர் தண்டனை பெற்றார். இவ்விரு முடிவுகளையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போதே பொதுமக்களின் மனநிலை விளங்கும்.

அவ்வாண்டு நவம்பரில் வரி உயர்வையே நீக்கும் முன்மொழிவு 6 வந்தது. நீக்கத்தை எதிர்த்த தரப்பு, ஆதரித்த தரப்பைவிடப் பன்மடங்கு செலவிட்டது. அப்பணத்தின் பெரும்பகுதி கட்டுமான நிறுவனங்களிடமிருந்தும் தொழிற்சங்கங்களிடமிருந்தும் வந்தது. வாக்குச்சீட்டில் இடம்பெற்ற தலைப்பு ‘சாலைப் பழுதுபார்ப்பு நிதியை நீக்குதல்’ என்னும் பொருள்படத் தொடங்கியதையும், வரிநீக்கம் என்பது அதில் முன்னிலை பெறாததையும் நீக்கம் கோரியவர்கள் கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஏறத்தாழ 57 விழுக்காட்டினர் எதிர்த்ததால் முன்மொழிவு தோற்றது, வரி நிலைத்தது.

இந்திய ஒப்பீடு

எரிபொருளின்மீது சாலைக்கென வரி விதிப்பதை இந்தியாவும் நெடுங்காலமாக அறியும். 1927இல் அமைக்கப்பட்ட ஜெயகர் குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1929 மார்ச் முதல் பெட்ரோலுக்குக் கேலனுக்கு இரண்டு அணா கூடுதலாகப் பெறப்பட்டுச் சாலை நிதி உருவாக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிதிக்குச் சட்ட வடிவம் தந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் பெயரை ‘மத்தியச் சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதி’ என மாற்றி, சாலையல்லாத பிற உள்கட்டமைப்புகளுக்கும் அதனைத் திறந்துவிட்டது. கலிபோர்னிய மக்கள் பூட்டை இறுக்கிய அதே ஆண்டில், இந்திய நாடாளுமன்றம் பெட்டியின் வாயை அகலமாக்கிற்று. முன்னது வாக்காளர் முன் சென்றது. பின்னது நிதிநிலை அறிக்கையோடு வந்தது. தமிழகத்தின் தொழில் வர்த்தக அமைப்புகள் சாலை, துறைமுக இணைப்புக் கோரிக்கைகளை ஆண்டுதோறும் முன்வைக்கின்றன. இன்ன வரியை இன்ன பணிக்கே பூட்டுக என்னும் வடிவில் அக்கோரிக்கைகள் எழும் காலத்தில் கலிபோர்னியாவின் பட்டறிவு பயன்படக்கூடும்.

அடுத்த பூசல்

2017ஆம் ஆண்டுச் சட்டம் பழைய பிழையொன்றைத் திருத்தியது. 2020 ஜூலை முதல் தீர்வை விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் தானே உயர்கிறது. ஆனால் பெட்ரோலே வாங்காத மின்வாகனத்திற்கு இது பொருந்தாது. அதன் பொருட்டு அவ்வாகனங்களுக்கு ஆண்டுக்கு 100 டாலர் கட்டணம் விதிக்கப்பட்டது. மாதம் ஒருமுறை ஊர்செல்பவரும் நாள்தோறும் 100 மைல் ஓட்டுபவரும் அதே தொகையைத்தான் செலுத்துவர். ஓடும் மைலுக்கேற்பக் கட்டணம் பெறும் முறையை, ஐயாயிரத்திற்கு மேற்பட்ட வாகனங்களைக் கொண்டு 2016 ஜூலை முதல் ஒன்பது மாதங்கள் மாநில அரசு சோதித்துப் பார்த்தது. மைலை எண்ணுவதற்கு வாகனம் செல்லுமிடத்தையும் அறியவேண்டுமா என்பது தனிமனிதருக்கு எழும் ஐயம். தொலைவே தொழிலாக உள்ள லாரி உரிமையாளருக்கோ, மைல் கட்டணம் வரும்போது டீசல் தீர்வை நீங்குமா, அன்றி இரண்டும் சேர்ந்தே நிற்குமா என்பதே முதல் வினா.