ஆறு பேப்பரில் எத்தனை ஸ்பெஷலைசேஷன்?

எம்.பி.ஏ. சேர்க்கை தொடங்கிவிட்டால் விளம்பரங்களில் தவறாமல் கண்ணில் படுகிற சொல் 'டூயல் ஸ்பெஷலைசேஷன்'. சில தனியார் கல்லூரிகள் இன்னும் ஒரு படி மேலே போய் 'டிரிப்பிள்' என்றே போடுகின்றன. ஆடித் தள்ளுபடியில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அறிவிப்பதைப் போலத்தான் பெற்றோரும் இதை எடுத்துக்கொள்கிறார்கள். "ரெண்டு எடுத்தா ரெண்டு பக்கமும் வேலைக்குப் போகலாம்ல?" என்று கேட்காத அப்பாக்கள் குறைவு.

பதில் சொல்வதற்கு முன், ஒரு ஸ்பெஷலைசேஷன் என்பது எவ்வளவு படிப்பு என்று பார்த்துவிடலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. நான்கு செமஸ்டர். முதலாம் ஆண்டில் கணக்கியல், புள்ளியியல், மார்க்கெட்டிங், எச்.ஆர்., ஆபரேஷன்ஸ் என்று எல்லோருக்கும் ஒரே பாடங்கள்தான். பிரிவது மூன்றாம் செமஸ்டரில். அங்கே ஆறு எலெக்டிவ் பேப்பர்கள். இரண்டு துறைகளில் மூன்று மூன்றாக எடுக்கலாம்; லாஜிஸ்டிக்ஸ் போன்ற ஒரு தொழில்பிரிவிலேயே ஆறையும் எடுக்கவும் வழி உண்டு. நான்காம் செமஸ்டர் புராஜெக்ட்டுக்குப் போய்விடுகிறது.

மூன்று கிரெடிட் பேப்பர் ஒன்றுக்கு 45 பீரியட். மூன்று பேப்பருக்கு 135. ஒரு பீரியடை முழு மணி நேரமாகவே எண்ணினாலும், தினம் எட்டு மணி நேரம், வாரம் ஆறு நாள் என்று வேலை பார்க்கும் ஒருவருக்கு அது மூன்று வாரம்கூட ஆகாது. ரெஸ்யூமேயில் 'ஃபைனான்ஸ்' என்று போட்டுக்கொள்ள அவ்வளவுதான் தேவை. அதே ஆறு பேப்பரை மூன்று துறைகளுக்குப் பங்கு வைத்தால், துறைக்கு இரண்டு பேப்பர். அதை ஸ்பெஷலைசேஷன் என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

இது நம் ஊர்க் கல்லூரிகளின் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியில் இளநிலை மாணவர் ஒரு துறையைத் தன் சிறப்புப் பாடமாகக் காட்டிக்கொள்ள நான்கு பாடங்கள் படித்தால் போதும். மார்க்கெட்டிங் எடுத்தாலும் ஃபைனான்ஸ் எடுத்தாலும் கையில் கிடைக்கும் பட்டம் ஒன்றே: பி.எஸ். எகனாமிக்ஸ். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் இரண்டாண்டுப் படிப்பில் முறையான ஸ்பெஷலைசேஷன் என்பதே கிடையாது. இரண்டாம் ஆண்டில் வேண்டிய எலெக்டிவ்களை எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அங்கே ஆள் எடுக்க வருகிற கம்பெனிகள் எத்தனை மேஜர் என்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

நம் மாணவருக்கு இன்னொரு சிக்கல், காலக்கணக்கு. பல கல்லூரிகளில் கேம்பஸ் இன்டர்வியூ மூன்றாம் செமஸ்டரிலேயே தொடங்கிவிடும். அப்போது எலெக்டிவ் வகுப்புகள் முதல் யூனிட்டைத் தாண்டியிருக்காது. ரெஸ்யூமேயில் 'மார்க்கெட்டிங் & ஃபைனான்ஸ்' என்று இருக்கும்; எதிரே இருப்பவர் போர்ட்ஃபோலியோ பற்றிக் கேட்டால் வியர்க்கும். முதலாம் ஆண்டு முடிந்ததும் கோடை விடுமுறையில் செய்கிற இன்டர்ன்ஷிப்தான் அந்த நேரத்தில் கைகொடுக்கக்கூடிய ஒரே சரக்கு. அதைத் தெரிந்தவர் கம்பெனியில் ஒரு கையெழுத்து வாங்கி முடித்துவிட்டு, எத்தனை ஸ்பெஷலைசேஷன் என்று யோசிப்பது வீண்வேலை.

அப்படியானால் இரண்டே வேண்டாமா? வேண்டும். எந்த இரண்டு என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மாணவர் கூட்டம் விரும்பிப் போகிற ஜோடி மார்க்கெட்டிங்கும் எச்.ஆரும். கேட்டால் 'பீப்பிள் ஸ்கில்ஸ்' என்பார்கள். கணக்குக்குப் பயந்து எடுத்தது என்பதுதான் பல சமயம் உள்விஷயம்.

ஆனால் கணக்கு விடுகிறதா? சோப்பு, பிஸ்கட் விற்கும் கம்பெனி ஒன்றில் சேல்ஸ் ஆபீசராகச் சேருகிறீர்கள் என்று வையுங்கள். முதல் மாதமே ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் உங்களை உட்காரவைத்துக் கேட்பார்: "சார், இதுல எனக்கு என்ன நிக்குது?" அவர் சரக்கிலும் கடைக்காரர்களின் கடனிலும் போட்ட முதல் 10 லட்சம். மாத விற்பனை 30 லட்சம், மார்ஜின் 5 சதவீதம் என்றால் கையில் ஒன்றரை லட்சம். குடோன் வாடகை, வேன், ஆள் சம்பளம் எல்லாம் 1.2 லட்சம் போக மிச்சம் 30,000. வருடத்துக்கு 3.6 லட்சம், போட்ட பணத்துக்கு 36 சதவீதம். அவர் முகம் கொஞ்சம் மலரும். மாதக் கடைசியில் டார்கெட்டை முடிக்க நீங்கள் கூடுதல் சரக்கை அவர் தலையில் இறக்குகிறீர்கள். கடைகளில் கடன் நீள்கிறது, அவர் முதல் 15 லட்சமாக ஏறுகிறது. விற்பனை அதே 30 லட்சத்தில் நின்றால் 36 சதவீதம் 24 ஆகிவிடும். சில மாதத்தில் "ஏஜென்சியை விட்டுடறேன்" என்று அவர் சொல்லும்போது உங்கள் பேச்சுத்திறன் செல்லாது.

மார்க்கெட்டிங்கோடு ஃபைனான்ஸ் ஏன் சேர வேண்டும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. திருப்பூர் பக்கம் பனியன் ஏற்றுமதிக்குப் போகிறவருக்கு ஆபரேஷன்ஸும் ஃபைனான்ஸும் அதே மாதிரி ஒன்றை ஒன்று இழுக்கும். டையிங்கில் தாமதமான ஒரு ஆர்டர் கப்பலை விட்டு விமானத்தில் போனால், லாபம் அந்தச் சரக்குக் கட்டணத்திலேயே கரைந்துவிடும். முதல் துறையில் வேலை பார்க்கும்போது எந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்வோமோ, அந்தக் கேள்விக்குரிய துறையே இரண்டாவதாக இருக்கட்டும்.

எச்.ஆர். எடுக்க நினைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. தொழிற்சாலையில் நல அலுவலர் பதவியைக் குறிவைப்பவர்கள், அதற்கு எந்தப் படிப்பு செல்லும் என்று மாநில அரசின் விதிகளைச் சேரும் முன்பே பார்த்துவிட வேண்டும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 500 அல்லது அதற்கு மேல் தொழிலாளர் உள்ள இடங்களில் அந்தப் பதவியைக் கட்டாயமாக்கியது. தகுதியை வரையறுக்கும் பொறுப்பை மாநில அரசிடம் விட்டது. எம்.பி.ஏ. மார்க்‌ஷீட்டில் மூன்று எச்.ஆர். பேப்பர் இருப்பதாலேயே அந்தக் கதவு திறக்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

கடைசியாகக் கல்லூரி. சிலபஸில் ஐந்தாறு துறைகள் அச்சாகியிருக்கும். வகுப்பில் நடப்பது எது என்பது வேறு விஷயம். போதிய மாணவர் சேராத எலெக்டிவை நடத்த மாட்டார்கள், நடத்த ஆள் இல்லாததையும் நடத்த மாட்டார்கள். டான்செட் நுழைவுத்தேர்வு எழுதிக் கவுன்சலிங்குக்குப் போகும் முன், மனதில் இருக்கும் கல்லூரிக்கு ஒரு நடை போய், போன வருடத்து மூன்றாம் செமஸ்டர் டைம்டேபிளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு பேப்பருக்கு நேரேயும் ஆசிரியரின் இனிஷியல் இருக்கும். ஃபைனான்ஸ் பேப்பர் மூன்றுக்கும் ஒரே இனிஷியல் என்றால், அங்கே ஃபைனான்ஸை இரண்டாவதாக வைத்துக்கொள்வது நல்லது. அதே இனிஷியல் மார்க்கெட்டிங்குக்கு நேரேயும் இருந்தால், வேறு கல்லூரி பார்க்கலாம்.