உங்களுக்குத் தெரியுமா? கலைவாணரின் முதல் அச்சு இசைத்தட்டு வினைல் அல்ல!

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1908-இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர், 1957-இல் மறைந்தார். அவர் பாடிய காலத்துத் தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுபவை. பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்றே நிமிடம். அவை வினைல் அல்ல, அரக்கு! ஆம், மரக்கிளையில் அரக்குப்பூச்சி சுரக்கும் அதே அரக்குதான், கல்பொடியும் கரியும் கலந்து அழுத்தப்பட்டது.

வினைல் எல்.பி. நம் நாட்டில் பரவியதே அவர் காலத்துக்குப் பிறகு. எனவே அவர் குரல் உள்ள எல்.பி.யைக் காட்டி, 'முதல் அச்சு' என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம்.

பழைய வீட்டு மச்சிலோ இரும்புக் கடையிலோ தட்டு கிடைத்தால் கையில் எடுத்துப் பாருங்கள். அரக்குத் தட்டு கனக்கும், வளையாது, விழுந்தால் அப்பளம்தான். லேபிளை ஒட்டிய வழவழப்பான வளையத்தை வெயிலில் சாய்த்தால் பொறித்த எண் தெரியும். அது ஒலிப்பதிவின் எண். அச்சுகளைப் பிரித்தறிய லேபிளின் நிறத்தையும் வடிவத்தையும்கூடச் சேகரிப்பாளர்கள் ஒப்பிடுவார்கள்.

தூசியைத் துடைக்க ஸ்பிரிட் மட்டும் வேண்டாம்: அரக்கு அதில் கரையும், பாட்டும் போய்விடும். எல்.பி. ஊசியையும் இதில் வைக்காதீர்கள். 78-க்கென்று தடித்த ஊசி தனியாக உண்டு.