மாசிக்காய்த் துவர்ப்பில் நிலைக்கும் வேதச் சுருள்

சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டு நாட்டு மருந்துக் கடைகளில் கடுக்காய், வசம்போடு மாசிக்காயும் கிடைக்கும். கைக்குழந்தைக்கு உரைமருந்து இழைக்கும் வீடுகளுக்கு அது பழக்கமான சரக்கு. மேற்காசிய ஓக் மரக்கிளையில் சிறு குளவியொன்று முட்டையிட, அந்தப் புழுவைச் சுற்றி மரம் திரட்டும் கெட்டி உருண்டைதான் மாசிக்காய். அதன் துவர்ப்புக்குக் காரணம் டானின். யூதர்களின் வேதச் சுருளான தோரா உருவாவதில் இந்த டானினுக்கு இரண்டு வேலைகள் உண்டு.

சிராங்கூன் ரோட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், கிருஷ்ணன் கோயில் இருக்கும் அதே வாட்டர்லூ தெருவில், 1878இல் திறக்கப்பட்ட மகேன் அபோத் யூத ஆலயம் நிற்கிறது. பாக்தாத் வழிவந்த யூதர்கள் எழுப்பியது. அவர்களில் பலர் கல்கத்தா வழியாக இங்கு வந்தவர்கள். அவர்கள் மரபில் தோரா நிமிர்ந்து நிற்கும் கெட்டிப் பேழைக்குள் இருக்கும். அதை எழுதுவது தோலில்தான். அதுவும் அவர்கள் உண்ணத் தகுந்த விலங்கின் தோலில். பதனிடத் தொடங்கும்போதே, இது தோராவின் புனிதத்துக்காக என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நோக்கம் அதுவாக இல்லையென்றால், எவ்வளவு நேர்த்தியான தோலும் எழுதத் தகாது.

ஊறிய தோலைப் பல நாள் சுண்ணாம்புநீரில் போடுகிறார்கள். காரம் ரோமத்தின் கெரட்டின் பிணைப்புகளை அறுக்கிறது, கொழுப்பைச் சோப்பாக்குகிறது. பிறகு தோலைச் சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிச் சுரண்டி உலர்த்துவார்கள். இந்த இழுவையில்தான் தோல் ஏடாகிறது. கொலாஜன் இழைகள் பரப்புக்கு இணையாகப் படிந்து, அந்த நிலையிலேயே இறுகிவிடுகின்றன.

ஆனால் இதை முழுப் பதனிடல் என்று சொல்ல முடியாது. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸ் அதற்கு உப்பு, மாவு, பிறகு மாசிக்காய் என்று வரிசை வகுத்தார். மாசிக்காயின் டானின் கொலாஜன் இழைகளுக்கிடையே புகுந்து அவற்றைப் பிணைக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஆலைகளில் ஆவாரம்பட்டை செய்துவந்ததும் இதே வேலைதான். அதே நூற்றாண்டில் பிரான்சின் யூத அறிஞர் ரப்பேனு தாம், சுண்ணாம்பே மாசிக்காய்க்கு ஈடாகும் என்றார். சமயச் சட்டத்துக்கு அது போதும். வேதியியல் பார்வையில் இரண்டும் ஒன்றல்ல: சுண்ணாம்பு இழைகளைத் தளர்த்திச் சுத்தமாக்கும், பிணைக்காது. கீழைநாட்டுப் பழஞ்சுருள்கள் பல செம்பழுப்பாகவும், இன்றைய ஏடுகள் வெளுப்பாகவும் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூரில் இந்த வேறுபாடு முக்கியமானது. டானின் பிணைப்பில்லாத ஏடு ஈரத்தை உறிஞ்சி உப்பும். குளிரூட்டிய அறையில் சுருங்கும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

ஏட்டின்மேல் நிற்கும் மையிலும் மாசிக்காய் உண்டு. மாசிக்காய்ச் சாறு, அன்னபேதி (இரும்பு சல்பேட்), வேலம்பிசின் கலந்த மை எழுதும்போது வெளிறியிருக்கும். காற்றுபட்டு இரும்பு ஆக்சிஜனேற்றமடைய, கன்னங்கரேலென ஆகும். ஏடு அசைய அசைய, தடித்த மை வெடித்து உதிரக்கூடும். தோராவில் 304,805 எழுத்துகள். ஓர் எழுத்து உதிர்ந்தாலும், அதைச் சரிசெய்யும்வரை அந்தச் சுருளை வழிபாட்டு வாசிப்புக்கு எடுப்பதில்லை.