எழுதினதெல்லாம் எங்கே போச்சு? 'லைன்' இல்லாத மலையில் இணைய விண்ணப்பத்தைக் காப்பாற்றுவது எப்படி?

கேமரன் மலையின் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி மேலே போனால் பிரிஞ்சாங் மலை உச்சி வரும். 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரம். உச்சியில் அலைபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. ஆனால் தேயிலைச் சரிவின் மடிப்புக்குள் இறங்கினால், கைப்பேசியில் 'லைன்' காட்டும் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும்.

அப்படி ஒரு லயத்து வீட்டில் உட்கார்ந்து, எஸ்.பி.எம். முடித்த ஒருவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'உங்கள் குடும்பப் பின்னணியை விவரிக்கவும்' என்ற பெட்டியில் ஒரு மணி நேரமாக எழுதுகிறார். 'அனுப்பு' பொத்தானைத் தட்டுகிறார். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிறகு வெள்ளைத் திரை. எழுதியது எதுவும் இல்லை. கடைசி நாளோ இன்றுதான்!

தப்பு அவர் மேலயா? இல்லை. ஆனால் இதைத் தவிர்க்க வழி இருக்கிறது.

ஏன் காணாமல் போகிறது?

முக்கியமாக மூன்று காரணங்கள்.

முதலாவது, அலைவரிசை. கைப்பேசி அலைகளை மலை மறைக்கும். மலேசியாவில் ஜெண்டெலா திட்டத்தின் கீழ் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. அதனால் 4ஜி பலவீனமான இடத்தில் கைப்பேசி நேராக 2ஜிக்கு இறங்கிவிடலாம். அந்த வேகத்தில் ஒரு பாரம் போய்ச் சேருவதற்குள் இணைப்பே அறுந்துவிடும்.

இரண்டாவது, கைப்பேசியின் நினைவகம். பாரத்தைப் பாதியில் விட்டு, அடையாள அட்டையைப் படம் எடுக்க கேமராவுக்குப் போகிறீர்கள். நினைவகம் குறைந்த கைப்பேசி, இடம் போதாமல் உலாவியின் பக்கத்தைத் தூக்கிவிடும். திரும்பி வந்தால் பக்கம் புதிதாகத் திறக்கும். பெட்டி காலியாக இருக்கும்.

மூன்றாவது, நேரக் கெடு. நீங்கள் எழுதிக்கொண்டிருப்பது அந்தப் பக்கத்து சர்வருக்குத் தெரியாது. 'ஆளைக் காணோம்' என்று நினைத்து உங்களை வெளியேற்றிவிடும். 'அனுப்பு' தட்டும்போது மீண்டும் உள்நுழையச் சொல்லும். எழுதியது போச்சு.

எந்த உலாவி நல்லது?

குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி, எட்ஜ் எதுவும் நூறு விழுக்காடு உத்தரவாதம் தராது. மலேசியாவில் ஐபோன் வைத்திருப்பவர்கள் எந்த உலாவியைப் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட்தான்.

ஆனால் தவிர்க்க வேண்டியவை இரண்டு உண்டு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் வரும் இணைப்பைத் தட்டினால், அது பெரும்பாலும் அந்தச் செயலிக்குள்ளேயே திறக்கும். கை தவறிப் பின்னால் போனால் எல்லாம் மூடிவிடும். அதன் பட்டியலில் 'உலாவியில் திற' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, மறைநிலைப் பயன்முறை. சில தளங்கள் நீங்கள் எழுதுவதை உலாவியிலேயே வரைவாகச் சேமிக்கும். மறைநிலைச் சாளரத்தை மூடினால் அந்த வரைவும் அழிந்துவிடும்.

கணினியில் எழுதுகிறீர்களா? தெரியாமல் மூடிய பக்கத்தை, குரோமிலும் பயர்பாக்ஸிலும் கண்ட்ரோல், ஷிப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தித் திரும்பத் திறக்கலாம். சில நேரம் எழுதியதும் கூடவே வரும்.

என்ன செய்யலாம்?

• நீளமான பதிலை பாரத்தில் எழுதாதீர்கள். கைப்பேசியின் குறிப்புச் செயலியில் எழுதுங்கள். அது இணையம் இல்லாமலே சேமிக்கும். பிறகு நகலெடுத்து ஒட்டினால் போதும்.

• படங்கள், சான்றிதழ்களை முன்கூட்டியே தயாராக எடுத்து வையுங்கள். பாரத்தைத் திறந்த பிறகு வேறு செயலிக்குத் தாவ வேண்டியிருக்காது.

• தமிழில் எழுதினால் எழுத்து எண்ணிக்கையைக் கவனியுங்கள். 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து, ஏனென்றால் மேல்விலங்கையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணும். வரம்பு தாண்டினால் கடைசி வரிகளைச் சில தளங்கள் சொல்லாமலே வெட்டிவிடும்.

• 'அனுப்பு' தட்டுவதற்கு முன் இன்னொரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அது திறந்தால் லைன் இருக்கிறது. இல்லையென்றால் லைன் கிடைக்கும் இடத்துக்குப் போய் அனுப்புங்கள்.

அனுப்பும்போது மாட்டிக்கொண்டால்?

பக்கத்தை மூடாதீங்க, புதுப்பிக்காதீங்க. லைன் வந்ததும் 'பின்செல்' பொத்தானை ஒரு முறை தட்டிப் பாருங்கள். பல தளங்களில் எழுதியது அப்படியே இருக்கும். பாதுகாப்பு அதிகமான தளங்களில் இருக்காது.

மறுபடி அனுப்புவதற்கு முன் மின்னஞ்சலையும் விண்ணப்ப நிலையையும் பாருங்கள். சில சமயம் உங்கள் பாரம் போய்ச் சேர்ந்திருக்கும். 'கிடைத்தது' என்ற பதில்தான் திரும்பி வந்திருக்காது.

யார் பொறுப்பு?

பாரத்தை அவ்வப்போது தானாகச் சேமிப்பது, நேரம் முடிவதற்கு முன் எச்சரிப்பது, இரண்டும் தளத்தை உருவாக்குபவர்களால் செய்யக்கூடியவைதான். பட்டணத்தில் இந்தக் குறை ஒரு சின்ன எரிச்சல். லயத்தில் இருப்பவருக்கு அது ஓராண்டுப் படிப்பாக இருக்கலாம். நீங்கள் பயன்படுத்தும் தளத்தில் இந்த வசதி இல்லையென்றால் கேளுங்கள், புகார் எழுதுங்கள்.

அந்தப் புகாரையும் முதலில் குறிப்புச் செயலியிலேயே எழுதிவிடுங்கள்.