மறுவாழ்வு மருத்துவமனை: சேர்க்கையும் செய்திப் பரிமாற்றமும்

பக்கவாதம் தாக்கிய ஒருவரின் உயிரை நரம்பியல் மருத்துவமனை காத்துத் தருகிறது. அதன்பின் எழும் வினாக்கள் வேறு. அவர் எழுந்து நடப்பாரா? தம் கையால் உண்பாரா? வீட்டாரைப் பெயர் சொல்லி அழைப்பாரா? இவற்றுக்கு விடை காணும் இடமே மறுவாழ்வு மருத்துவமனை. மறுவாழ்வு மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர், செயல்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சமூகப் பணியாளர் எனப் பலரும் இங்கு ஒருவரையே பேணுகின்றனர். ஒருவர் கண்டறிந்தது அடுத்தவரை எட்டாவிட்டால் அத்தனை திறனும் சிதறிப்போகும். எனவே, நோயாளியைச் சேர்க்கும் முறையும், குழுவினர் தமக்குள் செய்தி பகிரும் முறையும் மருத்துவத்தின் உறுப்புகளாகவே எண்ணி வகுக்கத் தக்கவை.

இரண்டு மணிக்கு ஒருமுறை

1944 பிப்ரவரி முதல் நாளில், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், தண்டுவடம் காயமுற்றோருக்கான பிரிவை லுட்விக் குட்மன் தொடங்கினார். படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் அத்தகையோரைப் பெரும்பாலும் மாய்த்துவந்த காலம் அது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கும் முறையை அவர் நிலைநாட்டினார். உணர்விழந்த தோல், அழுத்தத்தால் குருதியோட்டம் தடைப்படுவதை உணர்த்தாது. அதைப் பிறர்தாம் உணர்ந்து நடக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு எப்பக்கம் படுக்க வைத்தார்கள் என்பதை நான்கு மணிக்கு வருபவர் அறிந்தாக வேண்டும். ஒரு கை விட்ட இடத்தில் மறுகை தொடர்ந்ததால் பலர் பிழைத்தனர்.

சேர்க்கைக்கு முன்னரே

அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர், உள்நோயாளி மறுவாழ்வு மருத்துவமனைகளுக்கு 2010 முதல் தெளிவான கால வரம்புகளை வகுத்துள்ளது. சேர்க்கைக்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் முன்னாய்வு நடந்திருக்க வேண்டும். நோய்க்கு முன் அவர் எவ்வாறு இயங்கினார், எவ்வளவு முன்னேற்றம் எதிர்பார்க்கலாம், எத்தனை நாள் ஆகும், என்னென்ன இடர்கள் நேரலாம், முடிவில் எங்குத் திரும்புவார் என்பன அதில் இடம்பெறும். மறுவாழ்வு மருத்துவர் அதைப் படித்து ஒப்பிய பின்னரே சேர்க்கை. சேர்ந்த 4 நாள்களுக்குள் அவருக்கெனத் தனித் திட்டம் உருவாகிவிட வேண்டும்.

வருமுன்னரே திரும்பும் இடத்தைக் கேட்பதில்தான் இம்முறையின் நுட்பம் இருக்கிறது. மாடி வீட்டுக்குச் செல்பவருக்குப் படியேறும் பயிற்சி தொடக்கத்திலேயே திட்டத்தில் இடம்பெறும். குளியலறைக் கதவு சக்கர நாற்காலியைவிடக் குறுகலானது எனத் தெரிந்தால், செயல்முறை மருத்துவர் அதற்கேற்ப வழி தேடுவார். கடைசி நாளில் தெரியவரும் அதே செய்தியால் பயனில்லை.

எண்கள் சொல்வன

"கொஞ்சம் தேறியிருக்கிறார்" என்னும் சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாய்க் கொள்வர். அக்குறை நீங்க, 1980களில் அமெரிக்காவில் செயல்தற்சார்பு அளவை உருவானது. உண்ணல், உடுத்தல், நடத்தல், நினைவாற்றல் முதலிய 18 கூறுகளுக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் இடுவர். மொத்தம் 18 முதல் 126 வரை அமையும். 7 என்பது முழுத் தற்சார்பு. 5 என்றால் உடனிருந்து கண்காணித்தால் போதும். 3 என்றால் முயற்சியில் பாதிக்குமேல் அவருடையது, எஞ்சியது துணைவருடையது.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்குக் காலையில் பயிற்சிக்கூடத்தில் 5 பெற்றவருக்கு இரவுச் செவிலியர் 3 இடுகிறார் என்று கொள்வோம். இருவரும் சரியாகவே அளந்திருக்கலாம். இரவில் களைப்பு உண்டு, மருந்தின் மயக்கம் உண்டு, சிறுநீர் கழிக்கும் அவசரமும் உண்டு. எந்நேரத்தில் அவர் விழக்கூடும் என்பதை இவ்வேறுபாடே காட்டுகிறது. இரு எண்களையும் ஒருங்கே காணும் குழு, மாலை வேளையில் கட்டிலருகிலேயே பயிற்சியளிக்க முற்படும்.

ஒரு வாய்த் தேநீர்

பக்கவாதத்தில் விழுங்கும் ஆற்றல் குன்றுவது மிகுதி. நீர்த்த பானம் மூச்சுக்குழாயில் புகுந்தால் நுரையீரல் அழற்சி உண்டாகலாம். சிலருக்கு இருமலும் வராது. பேச்சுப் பயிற்சியாளர் இதைக் கண்டறிந்து, கெட்டியாக்கிய பானமே தரவேண்டும் எனக் காலையில் நோயாளியின் ஏட்டில் எழுதிவைக்கிறார். மாலையில் உணவுப் பணியாளர் தேநீர் கொண்டுவருகிறார். இரவில் செவிலியர் மாத்திரைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். அன்பின் மிகுதியால் மகளும் இளநீர் தருகிறாள். மூவரும் அந்த ஏட்டைப் புரட்டியவர் அல்லர்.

ஆகவே, செய்தி பணி நடக்கும் இடத்துக்கே செல்ல வேண்டும்: கட்டில் தலைமாட்டில் பலகை, உணவுத் தட்டில் அடையாளம், வீட்டாருக்கு நேர் விளக்கம். பணி மாறும்போது தற்போதைய நிலை, பின்புலம், மதிப்பீடு, பரிந்துரை என்னும் நான்கு படிகளில் ஒப்படைக்கும் முறை, அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளிலிருந்து மருத்துவத்துக்கு வந்தது. கேட்டவர் அதைத் திருப்பிச் சொன்னால் ஐயம் நீங்கும்.

வாரக் கூட்டம்

மெடிகேர் நெறிப்படி, குழு வாரம் ஒருமுறையேனும் மறுவாழ்வு மருத்துவர் தலைமையில் கூட வேண்டும். அங்கு ஒவ்வொருவரும் தத்தம் குறிப்பைப் படித்துக் கலைவதால் பயன் சிறிது. "மனைவியின் துணையோடு கழிவறை சென்று வருதல்" என, நோயாளி விரும்பும் இலக்கொன்றை நடுவில் வைத்து, தடை யாது, அதை நீக்குபவர் யார், எந்நாளுக்குள் என வரையறுப்பதே பயனுடைய கூட்டம்.

இவை அனைத்தும் செம்மையாக நடக்கின்றனவா என்றறிய எளிய ஆய்வு ஒன்றுண்டு. நள்ளிரவில் பணியிலிருக்கும் உதவியாளரிடம், "இவரை எப்பக்கம் நின்று எழுப்ப வேண்டும்? எதைக் குடிக்கத் தரலாம்? எந்த வீட்டுக்குத் திரும்பப் போகிறார்?" என்று கேட்க வேண்டும். காலையில் பயிற்சியளித்தவர் கூறும் விடையும் அவர் கூறும் விடையும் ஒன்றாயின், அம்மருத்துவமனையின் சேர்க்கையும் செய்திப் பரிமாற்றமும் செம்மையானவை.